போத்தலுக்குள் அடைபட்ட சிறகு

மாரி மழை ஓய்ந்து, பாலாவியில் எங்கள் வளவில் நின்ற தேசி எலுமிச்சைமரம் துளிர்த்தபோது இலையெல்லாம் புழு. சாம்பல் தூவ வந்த உம்மாவைத் தடுத்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான்; அவை வண்ணத்துப்பூச்சியாகும் என்று தெரியும். கோழி கொத்தாதிருக்க ஒரு குட்டிப் புழுவைச் சோடாப் போத்தலுக்குள் விட்டு, இலை போட்டு வளர்த்தேன். அது உள்ளேயே கூடாகியது.

ஒருநாள் காலை கூடு வெடித்து வண்ணத்துப்பூச்சி வந்தது. சிறகு விரிக்க இடமில்லை. கண்ணாடியில் கால் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. சிறகு சுருண்டபடி காய்ந்தால் அது ஒருநாளும் பறக்காது.

"காப்பாத்துறன் எண்டு சிறை வெச்சிட்டியே புள்ள! போத்தல உடைக்கட்டா?" என்றார் உம்மா.

"வேணாம் உம்மா, கண்ணாடி சிறக வெட்டிப் போடும்!"

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி உள்ளே விட்டேன். பூச்சி அதைப் பற்றி மெல்ல ஏறியது. சிறகு ஈரமாகச் சுருண்டிருந்ததால்தான் போத்தலின் ஒடுங்கிய கழுத்தால் வெளியே வந்தது. தேசிக் கொப்பில் தொங்கவிட்டோம். மதியத்துக்குள் சிறகு விரிந்து மதிலைத் தாண்டிப் பறந்தது.

இப்போது புழுவை மரத்திலேயே விட்டு, கோழி கொத்தாதபடி வாப்பாவின் பழைய இறால் வலையைக் கொப்பைச் சுற்றிக் கட்டுகிறேன். பூச்சி வெளிவரும் நாளில் கூடு கறுக்கும். அதை முதலில் காண்பவர் உம்மாதான்.

"புள்ள, கூடு கறுத்திட்டு! ஓடி வந்து வலைய அவுழு!"