ஒட்டகச்சிவிங்கிக்குச் சுற்றிய தாள்

வேதாச்சலம் நகரிக்குப் பக்கத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்லத் தெரியாது. ஆப்பிரிக்கக் காண்டாமிருகத்துக்குக் கொம்பு எத்தனை என்று கேளுங்கள், தூக்கத்திலும் இரண்டு என்பார். துரைமார் ஊரைவிட்டுப் போனபோது அவர்கள் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன ஈயப் பொம்மைகள்தான் அவருக்கு உயிர். சிங்கம், வரிக்குதிரை, நீர்யானை, காது உடைந்த யானை ஒன்று. ஜவுளிக்கடையில் குமாஸ்தா வேலை முடிந்து வந்ததும் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றையும் வேட்டி நுனியால் துடைப்பார். பெற்ற பிள்ளைக்கு ஒருநாள் மூக்கு துடைத்ததில்லை, இந்த மனிதர்.

அவர் மனைவி யசோதா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஆந்திரம் பிரிந்து சில வருஷம் கழித்து, எல்லையை மறுபடி பார்க்கப் போகிறார்கள், மெட்ராஸோடு சேர நினைக்கும் ஊர்கள் சித்தூரில் மனு கொடுக்கலாம், வெள்ளிக்கிழமை கடைசி என்று சேதி வந்தது. ஆந்திரப் பக்கமே இருந்துவிட்டால் தமிழ் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. யசோதா பதினைந்து நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் பத்தொன்பது பேர். மற்ற இருநூறு பேரும் கைநாட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவளே பேர் எழுதினாள். லட்சுமம்மா நடவிலிருந்து ஓடி வந்து, சேற்று விரலைப் புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள்.

"எம் பொண்ணு தமிழ்லதான் படிக்கணும் டீச்சரம்மா," என்றாள்.

தெலுங்கும் இங்கிலீஷும் தெரிந்த ஆளாயிற்றே என்று மனுவை வேதாச்சலத்திடம் கொடுத்தனுப்பினார்கள். குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தது ஊர். நகரியில் பஸ் ஏறினால் நேரே சித்தூர். இவரோ வியாழக்கிழமையே கிளம்பித் திருப்பதி சுற்றிப் போனார். அங்கே ஒரு பழைய சாமான் கடைக்கு ஒட்டகச்சிவிங்கி வந்திருப்பதாகக் கேள்வி. அவ்வளவு தூரம் போனவர் ஏழுமலையானையாவது சேவித்தாரா என்றால் அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினார். மனுவை வாங்கிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள் என்று ரசீதை நீட்டினார். யசோதா எழுத்துக்கூட்டிப் படித்தாள். மனு செய்தவர்கள் பத்தொன்பது பேர் என்று தெலுங்கில் எழுதியிருந்தது.

அவள் நிமிர்வதற்குள் அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்திருந்தார். ஒரு தாள், அதற்குள் இன்னொரு தாள். கழுத்து நீளமாம், பஸ் குலுக்கலில் முறிந்துவிடுமாம், ஆறு தாள் பிடித்ததாம். ஆறும் கைநாட்டுத் தாள்.

"கையெழுத்துத் தாளெல்லாம் பத்திரமாக் குடுத்துட்டேன்," என்றார். "இது வெறும் கைநாட்டுதானே. ஆபீசரு இதையெல்லாமா பாத்துக்கினு இருப்பாரு?"

யசோதா தாள்களைப் பிடுங்கினாள். சித்தூரில் கலெக்டர் கச்சேரியை மூடியிருப்பார்கள். இனி ஓடியும் பிரயோஜனமில்லை. கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருக்கும்போதே லட்சுமம்மாவும் நாலைந்து பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒன்றும் சொல்லாதே என்று வேதாச்சலம் கண்ணைக் காட்டினார். யசோதா ஒட்டகச்சிவிங்கியை அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க. எரநூறு பேரு விரலை இதுக்குச் சுத்தி எடுத்துக்கினு வந்தேன்னு."

சொல்லிவிட்டுத் தாள்களைக் கொண்டுபோய் லட்சுமம்மாவிடம் கொடுத்தாள். லட்சுமம்மா தன் விரலைத் தேடிப் பார்த்தாள். பிறகு வேதாச்சலத்தின் கையைப் பார்த்தாள்.

"இது இன்னா மிருகம் சாமி?" என்று கேட்டாள்.

தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனிதர் அதை வேட்டி நுனியால் மூடிக்கொண்டார்.