வான்கோழி நின்ற வாசல்

1996 ஜூலை 14, ஞாயிறு, காலை 11.05, கடும் வெயில். கனடாவின் ஒஷாவாவில் ஒரு பழைய மாளிகையைப் பார்க்க மகளோடு போயிருந்தேன். வழக்கம்போல் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தேன். பின்னால், தோட்டத்து வான்கோழி கத்தியது.

ஏழு வயதில், யாழ்ப்பாணத்தில் கேட்ட அதே சத்தம். இடமாற்றம் கேட்கத் தகப்பனார் தன் மேலதிகாரியான துரையின் பங்களாவுக்குள் போனார். "உதிலை நில்லடா. கத்தினா துரை கோவிப்பார்" என்று என்னை வாசலில் விட்டார்.

ஆறு வான்கோழிகள் என்னைச் சூழ்ந்தன. சிவந்த தாடிகள் நெஞ்சுக்கு நேரே ஆடின. தகப்பனாரின் காரியம் கெட்டுவிடுமென்று வாயைப் பொத்திக்கொண்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டில் அவர் வெளியே வந்தபோது என் காற்சட்டை நனைந்திருந்தது.

"அப்பா, இஞ்ச ஒருத்தரும் சப்பாத்து கழட்டுறேல்லை," என்று மகள் சிரித்தாள். அதற்குள் வான்கோழி சப்பாத்தின் மேல் ஏறி நின்றுவிட்டது.

"நீ எடு, பிள்ளை."

"உது கோழிதானே!" என்று ஓரடி வைத்தாள். அது சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. மகள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

நான் காலுறையோடும் மகள் சப்பாத்தோடும் காருக்கு ஓடினோம். வழியில் வாங்கிய புதுச் சப்பாத்துக்கு முப்பத்துநான்கு டொலர் தொண்ணூற்றைந்து சதம்.