லாபம் என்று தொடங்கும் கணக்கு

பள்ளிக்கூடத்தில் மகளை எடுத்துக்கொள்ளவில்லை என்றால் கயிறுதான். அந்த வருஷம் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆகியிருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பேச்சோடு பேச்சாக அது உள்ளே வந்துவிட்டது.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. நடை தாமதம், பேச்சும் தாமதம். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனால் தண்ணீர் எங்கே பளபளத்தாலும் அந்தப் பக்கம் நடந்துவிடுவாள். எங்கள் தெருக்கோடியில் கரை ஏறினால் பாகூர் ஏரி. நடவுக்கும் களையெடுப்புக்கும் நான் போகாமல் முடியாது. அவளுடைய அப்பா சைகோனில், பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தார். வீட்டில் இருந்தது என் நாத்தனார் மட்டும். முழங்கால் வாதக்காரர், பிள்ளைக்குப் பின்னால் ஓட அவரால் ஆகாது. ஒருநாள் வயலிலிருந்து வந்து பார்க்கிறேன், கன்றுக்குட்டிக் கயிறு மகளின் காலில். மறுமுனை தூணில்.

"இன்னா பண்ணச் சொல்ற? ஏரிக்கர வரிக்கும் போயிட்டா. நான் கத்துன கத்துல எதுத்த வூட்டுக்காரரு ஓடிப்போயி தூக்கியாந்தாரு. வலிக்காமத்தான் கட்டிக்கிறேன், துணி சுத்தி" என்றார்.

துணி சுற்றித்தான் இருந்தது. அவருடைய புடவையிலேயே கிழித்த துணி. அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு வயலில் குனிந்திருக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பயம். கட்டாமல் விட்டுவிட்டாரோ என்று ஒன்று. கட்டிவிட்டாரோ என்று ஒன்று.

பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். புதுச்சேரியிலிருந்து வந்து தங்கியிருந்தவர். கறுப்புத் தொப்பி வைத்திருப்பார். பிள்ளைகள் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிடுவார்கள். வாசற்படிக்குக் கீழேயே நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"பேரு கேட்டா சொல்லுமா?"

"சில நேரம் சொல்லும் ஐயா."

"சில நேரம்னா எப்ப? மழ பேஞ்சாலா?"

உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "இதோ பாரும்மா, சேத்துக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல. மேல இருந்து பாக்க வர்றவங்களுக்கு நான் பதில் சொல்லணும். பத்து எண்ணி எடுத்துக் குடுக்கட்டும், போதும். மாசி பொறந்ததும் கூட்டியா."

எனக்கே படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. தம்பி பிறந்தான், தூளி ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. ஆறாம் வாய்ப்பாட்டுக்கு மேல் எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான். ஆனாலும் பத்துதானே என்ற தைரியத்தோடு வீட்டுக்கு வந்தேன். அந்தத் தைரியம் பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

விரலைப் பிடித்து எண்ணவைத்தால் கையை உருவி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். புளியங்கொட்டையைக் கொடுத்தேன். மூக்கில் போட்டுக்கொள்வாளோ என்று நான் கொட்டையைப் பார்க்காமல் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாட்டுப்போலச் சொல்லிக்கொடுத்தேன். பாட்டு வந்தது. ஒண்ணு ரெண்டு மூணு என்று மடமடவென்று ஓடினாள். ஆனால் வாய் எட்டுக்குப் போயிருக்கும்போது கை மூன்றாவது கொட்டையில் நின்றது. இன்னொரு தரம் கை முன்னே போய்விடும், வாய் பின்னால் வரும். இரண்டையும் ஒன்றாக நடக்கவைக்க எனக்குத் தெரியவில்லை. நானே அவசரப்பட்டு அவளுக்கு முன்னால் எண்ணிவிடுவேன்.

"ஏம்மே, எண்ணக் கத்துக்கிறது அவளா, நீயா?" என்பார் நாத்தனார், முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே.

தை மாதம் அறுப்பு. களத்துக்கு அவளையும் கூட்டிப் போனேன். என் முந்தானையின் நுனியை அவள் மணிக்கட்டில் முடிந்திருந்தேன். அதுவும் ஒரு கட்டுதான் என்று அப்போது தோன்றவில்லை.

நெல்லைத் தூற்றி அம்பாரம் போட்டபின் பக்கத்து நிலத்துக்காரர் மரக்காலை எடுத்து அளக்க உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அளக்கிறவர் ஒரு தரம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதும் இல்லை. கணக்குத் தவறாமலிருக்க, அடுத்த மரக்கால் நிரம்பும்வரைக்கும் அதையே இழுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். "லாபம்... லாபமே லாபம்..." நெல் கோணியில் சரிந்து முடிந்த பிறகுதான் "ரெண்டு... ரெண்டே ரெண்டு..." இப்படிப் பன்னிரண்டு வந்தால் ஒரு கலம். ஒரு பிடி நெல்லை அடையாளத்துக்குத் தனியாக வைத்துவிட்டு மறுபடியும் லாபம்.

முந்தானை இழுபடவில்லையே என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தேன். முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவள் எங்கும் போகவில்லை. அம்பாரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, அவருடைய வாயையும் மரக்காலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது.

மறுநாள் வாசலில் ஒரு கொட்டாங்குச்சியில் மணலை அள்ளிப் பழைய பானையில் கொட்டிக்கொண்டிருந்தாள். "லாபம்... லாபமே லாபம்..." ஆண்பிள்ளைக் குரல். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் நெல் அளந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார் போலிருக்கிறது. இவளும் சரியாக அந்த இடத்தில் செருமினாள். வார்த்தை அவசரப்படவில்லை. மணல் விழுந்து முடியும்வரை அந்த எண் அவள் வாயிலேயே இருந்தது. வாயும் கையும் சேர்ந்து நடந்தன.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த கவலை அதற்குள் வந்துவிட்டது. வாத்தியாரிடம் போய் லாபம் என்றால்?

மணலை விட்டுப் புளியங்கொட்டைக்கு மாற்றினேன். பானைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டாள், அதே இழுவையோடு. சரி, இப்போது திருத்திவிடலாம் என்று "லாபம் இல்லம்மா, ஒண்ணு. ஒண்ணு சொல்லு" என்றேன். கொட்டையைக் கீழே வைத்தாள். பானையைத் தள்ளினாள். அப்புறம் பக்கத்திலேயே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எல்லாம் போயிற்று, நானே கெடுத்துவிட்டேன் என்று அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

"லாபம்னா இன்னா கெட்டுப்போச்சு? ஊரே அப்படித்தான சொல்லுது" என்றார் நாத்தனார்.

"முசே சொல்லமாட்டாரே அண்ணி."

"அந்தாளு நெல்ல அளந்தானா, வாங்கித் தின்னவன்தான?"

நானே பானைக்கு முன்னால் உட்கார்ந்து, கொட்டையைப் போட்டு, "லாபம்... லாபமே லாபம்..." என்று தொடங்கினேன். குரல் போதவில்லை போலிருக்கிறது. வந்து என் கையிலிருந்த கொட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவளே போட்டாள். அதற்குப் பிறகு ஒண்ணு என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. இன்னொன்றும் இருந்தது. பத்தில் நிறுத்தமாட்டாள். "பத்து, போதும்" என்றால் சாப்பாட்டில் பாதியில் எழுப்பிவிட்டதுபோலப் பார்ப்பாள். பன்னிரண்டு போட்டு, ஒரு கொட்டையைத் தனியாக வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

மாசி பிறந்தது. பானையை எடுத்துப் போகலாமா என்று யோசித்து, வாத்தியார் கோபித்துக்கொள்வார் என்று வைத்துவிட்டுப் போனேன். பாதி வழியில் திரும்பி எடுத்து வரலாமா என்று நின்றேன். எடுக்கவில்லை.

"ஐயா, முதலுக்கு லாபம்னுதான் சொல்லுவா. கோவிச்சிக்காதீங்க" என்றேன்.

"இது இன்னா களமா?" என்று கேட்டுவிட்டு, பலப்பத் துண்டுகள் இருந்த பெட்டியை மேஜையில் வைத்தார். "பத்து எடும்மா."

அவள் பெட்டியைப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். எதில் போடுவது? எனக்குப் புரிந்துவிட்டது, பானையை எடுத்து வந்திருக்கவேண்டும். அவள் கண் மேஜை ஓரத்திலிருந்த கறுப்புத் தொப்பியில் போய் நின்றது. எடுத்து மல்லாத்தி வைத்தாள், உள்புறம் மேலே வரும்படி. பெஞ்சுகளில் கொல்லென்று சிரிப்பு.

"முசே, ஒங்க தொப்பி!"

"சும்மா இருங்கடா."

"லாபம்... லாபமே லாபம்..." மறுபடி சிரிப்பு. அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. நாலுக்கு அப்புறம் செருமினாள். பத்து வந்தது. வாத்தியார் "போதும்" என்றார். பதினொன்று விழுந்தது. பன்னிரண்டு விழுந்தது. ஒரு துண்டை எடுத்து மேஜை மூலையில் தனியாக வைத்து "கலம்" என்றாள்.

அவர் தொப்பிக்குள் பார்த்தார். "நான் பத்துதான கேட்டேன்?"

கயிறு என்றுதான் எனக்குள் ஓடியது. "கலம் நெறையாம எழுந்திரிக்கமாட்டா ஐயா. வூட்லயும் அப்படித்தான். நான் சொல்லிப் பாத்துட்டேன்..." பேசிக்கொண்டே போனேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தொப்பியைப் பெட்டியில் கொட்டிவிட்டு, காலியாக அவளுக்கு முன்னால் வைத்தார். அவள் மறுபடி தொடங்கினாள். "பத்து... பத்தே பத்து..." பலப்பம் உள்ளே விழுந்ததும் அவர் தொப்பியைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்த துண்டு அவள் கையில். போட இடமில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அதைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தாள். அழவில்லை.

இத்தனை நாளில் பானையை நகர்த்தலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"உள்ள போயி ஒக்காரும்மா" என்றார் அவளிடம். என்னைப் பார்த்து, "நீ ஜன்னல்கிட்ட நிக்காத. நீ நின்னா அவ ஒன்னத்தான் பாப்பா. வூட்டுக்குப் போ. மணியடிச்சதும் வா."

"தண்ணிப் பக்கம் போயிடுவா ஐயா. கதவு..."

"கதவு சாத்திருக்கும். போம்மா."

வீட்டுக்கு வந்தேன். தூணில் கயிறு அப்படியே தொங்கியது. அவிழ்த்துக் கன்றுக்குட்டிக்குக் கட்டினேன். உட்கார முடியவில்லை. தண்ணீர் கேட்டிருப்பாளா, யாராவது லாபம் லாபம் என்று கேலி பண்ணிக் கிள்ளியிருப்பார்களா, கழித்தல் என்று ஒன்று வருமே, அதற்கு என்ன செய்வது? ஏரிக்கரையில் ஏறி நின்றால் பள்ளிக்கூடத்துக் கூரை தெரியுமா என்று பார்க்கப் போனேன். தெரிந்தது. இறங்கினேன். மறுபடி ஏறினேன்.

நாத்தனார் வாசலில் நின்று, காலைப் பிடித்துக்கொண்டே கத்தினார்: "இன்னாடி, கரமேல ஏறி ஏறி எறங்குற? என்னால ஓடியாற முடியாது தெரியுமில்ல? அந்தக் கவுத்த கன்னுக்குட்டிக்கிட்டருந்து அவுத்துக் குடு. இப்ப ஒன்னத்தான் கட்டணும்."