சந்தனம் அடைத்த ஸ்க்ரூ

பைக்கின் முன்விளக்கைக் கழற்ற இரண்டே ஸ்க்ரூதான். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டையும் எடுத்தால் கண்ணாடி கையோடு வந்துவிடும். பழைய பல்பைப் பிடுங்கிவிட்டுப் புது எல்இடி பல்பைச் செருகி மறுபடி மூட வேண்டியதுதான். செல்போனில் ஒருவன் சிரித்துப் பேசிக்கொண்டே, டீ ஆறுவதற்குள் செய்து காட்டினான். அதைப் பார்த்துத்தான் நானும் துணிந்தேன்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டியே ஒருவர் இருக்கிறார். ஆனால் கை வேலை செய்யும்போது அவர் வாய் சும்மா இருக்காது. இருக்கிற லைட்டுக்கு என்ன கேடு என்று கேட்பார். நான் எதையாவது சொல்லிவைப்பேன். அது நான் வேலை பார்க்கும் உரக்கடைக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

விஷயம் இதுதான். கொஞ்ச காலமாகவே இருட்டில் என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை. பகலில் ஒரு குறையும் இல்லை. உர மூட்டையின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுவேன். பொழுது சாய்ந்துவிட்டால் மட்டும் சாலை சுருங்கி, நடுவில் ஒரு வட்டம் மிஞ்சும். ஓரத்தில் ஆள் நிற்கிறதா, மாடு நிற்கிறதா என்று தெரியாது.

என் மனைவி தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறாள். வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் பாப்பாரப்பட்டிக்கு வந்து இறங்கும்போது நன்றாக இருட்டிவிடும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு மரவள்ளிக்கிழங்குக் கொல்லைகளுக்கு நடுவே, மண் பாதையில் உள்ளே போக வேண்டும். அவளைக் கூட்டிவருவது என் பொறுப்பு. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இருட்டில் நான் ஓட்ட முடியாது என்று ஆனால் அவள் வேலையை விட வேண்டியதுதான். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். அவள் புடவையை உதறி விரிக்கிற அழகுக்காகவே அவளைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டால்தான் பதில் சொல்கிறவள், அங்கே கலகலவென்று பேசுவாளாம்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், பாதையோரம் கொட்டிவைத்திருந்த ஜல்லிக் குவியலில் வண்டியை ஏற்றிவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. கடையில் கேட்டவர்களிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டாள். என்னிடம் கோபப்படவும் இல்லை. காயத்துக்கு மருந்து போடும்போது மட்டும், "ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயி கண்ணக் காட்டிட்டு வந்துரலாங்க" என்றாள்.

"கண்ணுல ஒண்ணும் இல்ல. லைட்டுதான் செத்துக் கெடக்குது. அத மாத்திட்டுப் பாக்கலாம். அப்பவும் தெரியலன்னா நீ சொல்ற எடத்துக்கு வர்றேன்."

"சரிங்க" என்றாள்.

பக்கத்துக் கொல்லை அண்ணன் தன் வண்டிக்கு இந்த பல்பைப் போட்டிருந்தார். லைட்டுக்கு மேலே மாதா படம் ஒட்டிய வண்டி. "பகலாட்டம் இருக்குது தம்பி" என்று அவர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வேறு வழியும் இல்லை.

ஏனென்றால் என் அப்பாவுக்கு மாலைக்கண். ஊரில் அதற்கு அதுதான் பெயர். கடைசிக் காலத்தில் பொழுது போனால் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். ஆனால் அதற்கு முன்னால் பல வருஷம் அவர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. பழியெல்லாம் கரண்ட் மேல்தான். குண்டு பல்பை மாற்றி அதைவிடப் பெரிய குண்டு பல்பு போட்டார். அப்புறம் டியூப்லைட் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டு, "வோல்டேஜு பத்தல" என்பார். அம்மா குனிந்து தண்ணீரைத் துடைத்தபடி, "ஆமாங்க, கம்மியாத்தான் இருக்குது" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். வீடு முழுக்க வெளிச்சம் கொட்டிக்கிடக்கும்போது இரண்டு பேரும் எதற்காக இப்படிப் பொய் பேசிக்கொள்கிறார்கள் என்று தோன்றும். பிறகு அவருக்குப் பகலிலும் தெரியாமல் போனது. என் கல்யாணத்துக்கு முன்பே இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் மனைவி அவர்களைப் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வரலாம் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்ததால்தான் ஆஸ்பத்திரி என்றதும் பேச்சை லைட்டுக்குத் திருப்பினேன்.

அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அன்று மதியம் சாப்பிட்டதும் வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தினேன். இடப்பக்க ஸ்க்ரூ சொன்ன பேச்சைக் கேட்டது. வலப்பக்கம் வந்தபோதுதான் வினை. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தித் திருப்பினேன், நழுவியது. இன்னும் அழுத்தினேன், கிறீச் என்று சத்தம் போட்டுவிட்டு மறுபடி நழுவியது. அழுத்தம் போதவில்லை என்று நினைத்து, ஸ்க்ரூடிரைவரின் பின்னால் சுத்தியலால் நாலு போடு போட்டுத் திருப்பினேன். இந்த முறை சத்தம்கூட இல்லை, வழவழவென்று சுற்றியது. தலையில் இருந்த கூட்டல் குறி தேய்ந்து வட்டக் குழியாகிவிட்டது.

கோபம் வந்தால் எனக்குக் கையில் இருப்பது கையில் நிற்காது. ஸ்க்ரூடிரைவரை வீசி எறிந்தேன். அது மரத்தில் பட்டுத் திரும்பியதோ, கிழங்குச் செடிக்குள் போனதோ, பார்க்கவில்லை. ஒரு பீடி நேரம் கழித்துப் புத்தி வந்து, செடிக்குள் புகுந்து தேடினேன். கிடைக்கவில்லை. திரும்பி வந்து வண்டியைச் சுற்றித் தேடினேன். துணி காயப்போட வந்தவள் சற்று நின்று பார்த்தாள்.

"என்னாத்தத் தேடறீங்க?"

"ஸ்க்ரூடிரைவரு."

"உங்க கால்கிட்டதாங்க கெடக்குது."

கிடந்தது. வலது செருப்பை ஒட்டி, சிவப்புப் பிடியோடு, பட்டப்பகலில். நான் குனிந்து எடுத்தேன்.  அவள் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஸ்க்ரூவை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தக் குழில சந்தனம் அடைச்சிருக்குதுங்களே" என்றாள்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டியைக் கழுவி அவள்தான் பொட்டு வைப்பாள். முன்னால் மூன்று பொட்டு. கண்ணாடிக்கு மேலே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வலப்பக்கப் பொட்டு மட்டும் நேராக ஸ்க்ரூவின் தலையில் விழுந்திருக்கிறது. வருஷா வருஷம் சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் அடுத்த வருஷத்துச் சந்தனம். கழுவக் கழுவ மேலே இருந்தது போய், குழிக்குள் இருந்தது இறுகிவிட்டது. ஸ்க்ரூடிரைவரின் முனை அதன் மேல்தான் நின்றிருக்கிறது, உள்ளே இறங்கவே இல்லை. நான் அது தெரியாமல் சுத்தியல் போட்டிருக்கிறேன்.

"வண்டியில வேற எடமே கெடைக்கலியா உனக்கு?" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"பொட்டு வெக்க எடம் பாத்து வெச்ச மாதிரி இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள். சொல்லியிருப்பேன்.

தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்து அவளே குடைந்தாள். மஞ்சளும் சிவப்பும் மஞ்சளுமாகப் பொடி உதிர்ந்தது. எல்லாம் வந்த பிறகு குழி நன்றாகத் தெரிந்தது. ஆனால் பிடிமானத்துக்கு ஒரு மூலைகூட மிச்சம் இல்லை. முதலிலேயே பார்த்திருந்தால் ஊக்கோடு போயிருக்கும் வேலை.

பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, குழிக்கு மேல் வைத்து, அதோடு சேர்த்து அழுத்தித் திருப்பினேன். ரப்பர் பிய்ந்ததுதான் மிச்சம். கட்டிங் பிளேயரால் தலையைக் கவ்விப் பார்த்தேன். தலை உள்ளடங்கி இருந்ததால் பிளாஸ்டிக்கில்தான் கீறல் விழுந்தது. வெயில் இறங்கி, மர நிழல் வீட்டுச் சுவர் வரை நீண்டிருந்தது. "வுடுங்க, நாளைக்கி மெக்கானிக்குகிட்டயே காட்டிக்கலாம்" என்றாள். எனக்கு வீம்பு. உடைந்த ரம்பத் துண்டு ஒன்று மோட்டார் ரூமில் கிடந்தது. அதன் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூவின் தலைக்குக் குறுக்கே அறுக்க ஆரம்பித்தேன். ஓரத்துப் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அறுபட்டது. போனால் போகிறது என்று விட்டேன்.

நேர்கோடாக ஒரு வெட்டு விழுந்ததும், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தட்டை ஸ்க்ரூடிரைவரை அதில் நிறுத்தினேன். மெதுவாகத் திருப்பினேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை திருப்பியதும் உள்ளே எதுவோ முறிந்த மாதிரி சத்தம் கேட்டது. ஸ்க்ரூ சுற்றியது. மரைக்கு ஒன்றும் ஆகவில்லை, முழுசாக வெளியே வந்தது.

அவள் சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அது கழலாமல் இருந்தவரை லைட்டின் மேல் பழி போட எனக்கு இடம் இருந்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறேன், நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளியிருக்கலாம். 

பல்பு மாட்டுவது பெரிய வேலையாக இல்லை. பழைய பல்பு கருத்துக்கூட இருக்கவில்லை. நல்ல பல்பு. அதை அவளுக்குத் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இருட்டும்வரை காத்திருந்தோம். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். வேப்பமரம் கருத்து, பாதையும் கிழங்குக் கொல்லையும் ஒன்றான பிறகு வண்டியைப் பாதையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன். "நீ முன்னால போயி நில்லு" என்றேன். அவள் நடந்துபோய் நின்றாள். கிக்கரை உதைத்து ஸ்விட்சைப் போட்டேன்.

வெள்ளை வெளேரென்று வெளிச்சம் பாய்ந்தது. நடுவில் அவள் தெரிந்தாள். புடவையில் இருந்த சின்னப் பூக்கூடத் தெரிந்தது. அவளுக்கு இந்தப் பக்கம் பார்த்தேன், கறுப்பு. அந்தப் பக்கம் பார்த்தேன், கறுப்பு. வட்டம் வெளுத்திருந்தது, பெரிதாகவில்லை.

"தம்பி, கொஞ்சம் டிம் பண்ணுங்க. கண்ணு கூசுது" என்று என் இடது தோளுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது. தலையை முழுசாகத் திருப்பிய பிறகுதான் பக்கத்துக் கொல்லை அண்ணன் தெரிந்தார், கையில் காலி பால் கேனோடு.

"எப்பண்ணே வந்தீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க. எதுத்தாப்புல பாதையோரமாத்தான நடந்து வர்றேன், உங்க லைட்டுலயே. என்னா வெளிச்சம் பாருங்க, அந்தக் கோடி புளியமரம் வரைக்கும் கொல்ல மொத்தமும் தெரியுது" என்றார். கேனைக் கை மாற்றிக்கொண்டு போய்விட்டார். 

 புளியமரம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். அந்தப் பக்கம் பார்த்தேன். ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். எஞ்சின் அலறியது. இன்னும் முறுக்கினேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"வோல்டேஜு பத்தல போல" என்றேன்.

அவள் கண் கூசாமல் இருக்க நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை எடுக்காமலே சொன்னாள்.

"ஆமாங்க. கம்மியாத்தான் இருக்குது."