பதவிக்கேத்த பலகை

டெல்லில ஏஷியாட் முடிஞ்ச மறு வருஷம் எங்க ஆபீஸ் ரிக்ரியேஷன் கிளப்புக்கு ஒரு ஆசை வந்துது. கேரம் போர்டுலயே எத்தனை நாள் ஓட்டறது? பாய்மரப் பலகை வாங்கிட்டாங்க. தண்ணில பலகை, அது மேல பாய்மரம், அதைப் பிடிச்சு நின்னுக்கிட்டே காத்துல ஓட்டணும். பரீதாபாத் பக்கத்து ஏரில ஞாயித்துக்கிழமை தோறும் பயிற்சி. சொல்லிக்குடுக்க நேவில ரிட்டையர் ஆன ஒரு சர்தார்ஜி.

எனக்கு நாப்பது தாண்டியாச்சு. என் தொப்பை எனக்கும் மூத்தது மாதிரி இருக்கும். மொதல்ல பெரிய பலகைல பழகினேன். வாசக்கதவு அகலம். காத்தே இல்லாட்டியும் மிதக்கும், என்னையும் தாங்கும். ஆனா பெயிண்ட் உரிஞ்சு, பாக்க ஒரு லட்சணம் கிடையாது. பக்கத்துலயே சின்னதா இன்னொண்ணு, செவப்பா, ஒல்லியா, பளபளன்னு.

சர்க்கார் உத்தியோகம் பாத்தவங்களுக்குப் புரியும். எங்களுக்கு எல்லாமே பதவிப்படிதான். கை வச்ச நாற்காலி யாருக்கு, கூலர் யாரைப் பாத்து வீசணும், எல்லாத்துக்கும் வரிசை உண்டு. அந்த மே மாசத்து ஞாயித்துக்கிழமை என் செக்ஷன் கிளார்க் செவப்புப் பலகையைத் தடவிப் பாத்துட்டு நின்னார். அவர்தான் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்ல எங்களுக்கு மேல குடியிருக்கற மாடிவீட்டுக்காரர், நம்ம திருநெல்வேலி ஆளு. சூப்பரிண்டெண்ட் நான் கதவு மேல நிக்கணும், கிளார்க் பளபளன்னு போகணுமா? அதை என் பேர்ல இஷ்யூ பண்ணச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

சர்தார்ஜி இந்தில சொன்னார்: "சாப், இது ஓடினா மிதக்கும், நின்னா முங்கும். பலத்த காத்துல பறக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் இது. உங்க எடைக்கும் பழக்கத்துக்கும் பெரிசுதான் சரி."

"அச்சா, அச்சா"ன்னு தலையை ஆட்டினேன். ஃபைல்ல வர்ற எந்த ஆட்சேபணைக்கும் நான் அப்படித்தான் ஆட்டுவேன். லைஃப் ஜாக்கெட் தொப்பை மேல பூட்டல. அதையும் கரைலயே வச்சுட்டேன். தாமிரவருணில நீஞ்சினவனுக்கு இந்தக் குட்டை எம்மாத்திரம்?

முட்டளவு தண்ணில ஏறினேன். நல்ல காத்து. பலகை சர்ர்னு போச்சு. வேடிக்கை பாக்கக் கூட வந்திருந்த என் மனைவி கரைல எந்திரிச்சு நின்னு பாத்தா. எனக்குத் திரும்பத் தெரியலைங்கறது அவளுக்குத் தெரியாது, பெருமைல போறேன்னு நினைச்சிருப்பா. நடு ஏரிக்கு வந்தப்ப காத்து திடீர்னு நின்னுடுச்சு. சொன்ன மாதிரியே பலகை காலுக்கடில முங்கிச்சு. கணுக்கால், முட்டி, இடுப்பு. பாய் படுத்துடுச்சு. ஏறிப் பாத்தேன், ஏற ஏற அது கீழ போச்சு.

அப்பத்தான் மேற்க பாத்தேன். வானம் பூரா மண் கலர். ஆந்தி வருது, புழுதிப் புயல்.

டெல்லில இருந்தவனுக்கு அது என்னன்னு தெரியும். வீட்டுக்குள்ள இருந்தாலே ஜன்னலைச் சாத்தறதுக்குள்ள வாய் நிறைய மண்ணு. நான் ஏரிக்கு நடுவுல, பலகையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு.

"அந்தச் சவத்த விட்டுட்டு நீஞ்சி வாங்க!" கரைலேர்ந்து மனைவி கத்தறா.

நீஞ்சியிருக்கலாம். கை விடணும்னு நினைக்கும்போதெல்லாம் என் கையெழுத்துதான் கண்ணு முன்னால வந்துது. சர்க்கார் சாமான் காணாமப் போனா விளக்கம் எழுதணும், விசாரணை வரும், பிரமோஷன் நிக்கும். சாகப் போறவன் இதையா நினைப்பான்? நான் நினைச்சேன்.

பெரிய பலகைல பாயைக் கழட்டிட்டு, குப்புறப் படுத்துக் கையாலயே தள்ளிக்கிட்டு மாடிவீட்டுக்காரர் வந்து சேந்தார்.

"அண்ணாச்சி, அத விட்டுட்டு இதுல ஏறுங்க. ஜல்தி!"

"என் பேர்ல இஷ்யூ ஆயிருக்குல்லா!"

"உசிரு யாரு பேர்ல இஷ்யூ ஆயிருக்கு?"

பதில் சொல்றதுக்குள்ள ஆந்தி அடிச்சுது. வெளிச்சம் போச்சு. அலை மூஞ்சிலயே அறையுது, மூச்சை இழுத்தா பாதி தண்ணி, பாதி மண்ணு. நீஞ்சிப் போயிருந்தா அந்த இருட்டுல கரை எந்தப் பக்கம்னே தெரிஞ்சிருக்காது. ஒரு கை அவர் பலகைல, ஒரு கை என் பலகைல. எது என் கைன்னே தெரியாத மாதிரி மரத்துப் போச்சு. அவர் முருகனைக் கூப்பிடறது மட்டும் கேட்டுது. அது கேக்கற வரைக்கும் அவர் இருக்கார்னு நினைச்சுக்கிட்டேன். தண்ணில படுத்திருந்த என் பாய் கனமா இழுத்துப் பிடிச்சதால நாங்க ரொம்ப தூரம் அடிச்சுட்டுப் போகல. அது பின்னால சர்தார்ஜி சொல்லித்தான் தெரியும்.

கொஞ்சம் வெளுத்ததும் சர்தார்ஜி படகோட வந்து ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டார். கரைக்கு வந்ததும் எல்லார் முன்னாலயும் என் முதுகுல தட்டினார்.

"சபாஷ்! என்ன ஆனாலும் பலகையை விடக் கூடாது. கடல்லயும் இதான் மொத ரூல். சாப் விடவே இல்ல, பாத்தீங்களா?"

மாடிவீட்டுக்காரர் வாயைத் திறந்தார். என்னைப் பாத்தார். மண்ணைத் துப்பிட்டு, "ஆமா சார், அண்ணாச்சி ரூல் தெரிஞ்சவங்க"ன்னார்.

மனைவி பக்கத்துல வந்து உக்காந்தா. கூஜாலேர்ந்து தண்ணியை ஊத்தி என் கண்ணு, காது, மூக்குன்னு மண்ணைக் கழுவி விட்டா. பாதித் தண்ணி என் சட்டைலதான் விழுந்துது. எனக்குச் சொல்ல ஒரு ஜோக் இருந்துது. சொல்லல. கூஜாவைப் பிடிச்சுக்கிட்டேன்.