மூச்சுக்கு ரிஜெக்ட் போட்டவள்

முதலில் மரத்துப்போனது வலது கைக் கட்டைவிரல். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவள் நான். தைத்து வரும் அப்பரை (ஷூவின் மேல்பாகம்) விரலால் தடவி, தையல் பிசகியிருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. அன்று எந்தத் தோலைத் தடவினாலும் காகிதத்தைத் தடவுவது போலிருந்தது. பக்கத்து டேபிள் ஷபானாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். பேச்சு குழறியது.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. “ஒண்ணுமில்லங்க, வீட்டுக்குப் போலாம்” என்று என் கணவர் குமாரிடம் அடம்பிடித்தேன். நல்லவேளை, அவர் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படி அடம்பிடித்தால் நீங்களும் கேட்காதீர்கள். கை மரத்தாலோ வாய் கோணினாலோ, தானாகச் சரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஸ்கேனெல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா டி.ஐ.ஏ. என்றார் (மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டுத் திரும்புவது). பி.பி. எக்கச்சக்கமாக இருந்தது. “இந்தத் தடவ கை திரும்ப வந்துடுச்சும்மா. அடுத்த தடவ வராமலே போயிடலாம்” என்றார். மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். கடைசியாக, தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தபடி உட்காரச் சொன்னார்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எல்லாம் உன் மனப்பிரமை என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாரோ? “அப்ப மாத்திர வேணாமா மேடம்?” என்றேன், வேண்டுமென்றேதான்.

“மாத்திர கட்டாயம். இது அதுகூட சேத்துதான். அத நிறுத்திட்டு இத மட்டும் பண்ணா நான் பொறுப்பில்ல.”

அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது. சரி, பார்ப்போம் என்று வந்தேன்.

உட்காருவது எங்கே? கம்பெனி பஸ்ஸில் பாட்டு அலறும். மதியம் கேன்டீன் பின்னால் கண்ணை மூடினேன். யாரோ முகத்தில் தண்ணீர் அடித்து சிக் ரூமுக்கு இழுத்துப்போனார்கள். எங்கள் கம்பெனியில் கண்ணை மூடியவள் என்றால் மயங்கி விழுந்தவள்தான். வீட்டு ஹாலில் டிவி, மகளின் போன். கடைசியில், காலையில் சமையல் முடிந்து பஸ் வருவதற்குள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிலிண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

மூச்சைக் கவனித்தேன், எனக்குத் தெரிந்த விதத்தில். இது குட்டை. இது நடுவில் பிசிறு. இது ஒரு பக்கமாக இழுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு மூச்சுகூட பாஸ் ஆகவில்லை. வேர்த்து விறுவிறுத்து எழுந்து, வீட்டில் வாங்கிவைத்த பி.பி. மெஷினில் பார்த்தால், உட்காருவதற்கு முன் இருந்ததைவிட பி.பி. ஜாஸ்தி. பார்த்தாயா, ஏமாற்று வேலை என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இதற்கு நடுவே குமார் கதவைத் தட்டுவார். “விமலா, உள்ள இன்னா பண்ற?”

“சும்மா உக்காந்துருக்கேன்.”

“சும்மா உக்கார்றதுக்குக் கதவு எதுக்கு?”

தினமும் இதே கதை. என்னை வேவு பார்க்கிறார் என்றே நினைத்தேன். ஒருநாள் கதவைத் திறந்து கத்தினேன். “இன்னாங்க, உள்ள திருட்டு வேலையா பாக்குறேன்? சும்மா பேஜார் பண்ணாதீங்க.”

டேனரி (தோல் பதனிடும் ஆலை) வேலைக்குக் கிளம்பி நின்றவர் முகம் சுருங்கிவிட்டது. “நீ உள்ள விழுந்து கெடந்தா எனக்கு எப்டி தெரியும்?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் கதவைச் சாத்துவதில்லை. அவரும் எதிரே ஒரு ஸ்டூல் போட்டு, என் வாய் கோணுகிறதா என்று பார்த்தபடி உட்காருவார்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம், மூச்சுக்கெல்லாம் ரிஜெக்ட் போடும் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். “செக் பண்ணாதீங்கம்மா. வர்றது வரட்டும்.”

“டேமேஜ் பீஸ் வந்தா?”

“அதையும் விட்ருங்க.”

இத்தனை வருஷ சர்வீஸில் தெரிந்தே ஒரு டேமேஜை விட்டவளில்லை நான். உப்பைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை விட்டேன். அடுத்ததும் பிசிறுதான். அதையும் விட்டேன். யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது பி.பி. கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையாலா, உப்பைக் குறைத்ததாலா, உட்கார்ந்ததாலா என்று எனக்குத் தெரியாது. இதனால்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பமாட்டேன். கை எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்ற பயமும் போகவில்லை. ஆனால் உட்காருகிறேன்.

போன வாரம் ஒருநாள் கண்ணைத் திறந்தபோது, எதிரே குமார் தலை சாய்ந்து கிடந்தார். பகீரென்றது. எழுப்பக் கையை நீட்டியவள் அப்படியே நிறுத்தினேன். தூக்கம்தான். சட்டைக்குள் நெஞ்சு ஏறியது, இறங்கியது. சற்று நின்று, மறுபடி ஏறியது. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் மூச்சு விடுவதை நான் பார்த்ததே இல்லை. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு முறையும் அடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், பஸ் போய்விட்டது.