மாட்டுக்குப் போட்ட பாட்டு

என் அப்பாவுக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. பாட்டுக் கேட்கிற நேரத்தில் நாலு தென்னைக்குத் தண்ணீர் கட்டலாம் என்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் விடியற்காலையில் மாடு கட்டும் கட்டுத்தரையில் ரேடியோவைக் கொண்டுபோய் மாட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதுவுமே வராத நாட்கள் அவை. பசி வரவில்லை, தூக்கம் வரவில்லை, அழுகைகூட ஒழுங்காக வரவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. என்னைக் கட்டிக்கொடுத்தது மூணாறில். கணவருக்கு அங்கே தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஏழாம் மாதம் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்கு என்னை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஒன்பதாம் மாதம் தொடங்கியபோது வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் பெற்றேன். பெற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், வலியில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் சத்தமே இல்லை. பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். முகத்தைக் காட்டவில்லை. “பாத்தா நீ தாங்க மாட்டே கண்ணு” என்று அம்மா என் கண்களைத் தன் உள்ளங்கையால் மூடினாள். கணவர் மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளைத் துண்டில் சுற்றி அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து கைகால் கழுவினார். அதோடு சரி. அந்தக் குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாமல் இருந்தால் மறந்துவிடுவேன் என்று நினைத்தார்கள் போல. உடம்புக்கு அது தெரியவில்லையே. பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாக இறுகிக் காய்ச்சல் கண்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். அம்மா தன் பங்குக்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினாள். அப்படிக் கட்டினால் பால் வற்றிவிடுமாம். அறை முழுக்கக் கல்யாண வீட்டு மணம். அந்த மணத்துக்குள் படுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அப்பா பால் கறக்கும் சத்தத்தைக் கேட்பேன். மாட்டுப் பால் வாளியில் விழுந்து சொசைட்டிக்குப் போகும். என் பால் பூவில் ஊறி வாடும். நல்ல நியாயம் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். இன்றைக்கும் என் முன்னால் யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் இடம் மாறி உட்காருவேன்.

அந்த ரேடியோ நான் வாங்கியது. கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது, மெமரி கார்டு போடுகிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி, எனக்குப் பிடித்த பழைய பாட்டுகளாகப் பொறுக்கி ஏற்றி அப்பாவுக்குக் கொடுத்தேன். அவர் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் ஏற்றிவிட்டார். அதுதான் இப்போது இறங்கி வந்து கட்டுத்தரைத் தூணில் தொங்கியது.

“என்னங்கப்பா இது, காலங்காத்தால கூத்து?” என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

“மாடு பாலு உடமாட்டீங்குது கண்ணு. பாட்டுப் போட்டா உடும்னு சந்தையில ஒருத்தரு சொன்னாரு” என்றார் அப்பா.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்பாவுக்கு அது கோர்ட்டுத் தீர்ப்பு. அதனால் நம்பிவிட்டேன். மாட்டுக்கு நல்ல ரசனைதான் என்று எரிச்சலோடு தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

முதல் சில நாட்கள் தலையணை. பிறகு தலையணை தலைக்கடியில்தான் இருந்தது. ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின் முதல் இசை எனக்குள் தொடங்கிவிடும். ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பாடிய பாட்டு வரும். மூணாறு ரோட்டில் ஜீப்பில் கணவர் தோளில் சாய்ந்து கேட்ட பாட்டு வரும். அந்தச் சில நிமிடங்கள் மட்டும் மூச்சு நெஞ்சு வரைக்கும் போய் வரும். சாக வேண்டும் என்றுகூட இல்லை, விழிக்காமல் இருந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டு படுப்பவள், விழித்ததும் முதலில் காதைத் தீட்டியது கட்டுத்தரைப் பக்கம்தான். மாட்டுக்குப் போட்ட பாட்டைத் திருடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றால் நாள் முழுவதும் முன்னால் கிடக்கும், அதை என்ன செய்வதென்று தெரியாது.

அந்தக் கார்டில் ஒரு கோளாறு இருந்தது. புல்லாங்குழலோடு தொடங்கும் ஒரு காதல் பாட்டு முடிந்ததும், ஒரு தாலாட்டு வர வேண்டும். நானே வரிசைப்படி ஏற்றியது. எனக்குத் தெரியாதா? ஆனால் அது வருவதே இல்லை. அந்த இடத்தில் பெட்டி ஒரு இருமல் இருமிவிட்டு அதற்கடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடுவதற்கு நல்ல இடமாகப் பார்த்துத்தான் கெட்டிருக்கிறது என்றும் நினைத்தேன். ஒருநாள் அந்தத் தாவலோடு சேர்ந்து வாளி கவிழும் சத்தம் கேட்டது. “ஏனுங்க, கறந்துட்டு இருக்கறப்பவே எந்திரிச்சா எப்படீங்க? அத்தன பாலும் போச்சுங்களே!” என்று அம்மா கூச்சலிட்டாள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

கணவர் தினமும் போனில் கூப்பிடுவார். “சாப்டியா?” “ம்.” “மாத்திர போட்டியா?” “ம்.” ஒருநாள் பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. “ஒடம்பு தேறட்டும்டா. அடுத்தது நல்லபடியா பெத்துக்கிடலாம்னு சொல்லு.” நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அடுத்தது என்றால் இதற்கு என்ன கணக்கு? நான் போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுக்குப் பிரச்சினை வந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து எத்தனை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. பாலும் சுருங்கிக்கொண்டே வந்தது. அடுப்படியில் அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “சென நிக்காத மாட்ட வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்குங்க தீனி போடறது…” வாசற்படியில் நான் நிற்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு குழம்பைக் கிண்டினாள்.

“ஏம்மா நிறுத்திட்டே? சந்தைக்கு மாட்ட ஏத்தற வண்டியிலயே என்னையும் ஏத்தி உட்ருங்க” என்றேன்.

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். அப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போனார். எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமாக இல்லை. இரண்டு பேரையும் இன்னும் நன்றாகக் குத்த வேண்டும் போலத்தான் இருந்தது.

சந்தை நாளன்று சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோவில் மாட்டை ஏற்றிப் போனார்கள். சாயங்காலம் அப்பா வெறும் கயிற்றோடு திரும்பினார். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள் எங்கள் பக்கத்தில். அதைத் தூணில் மாட்டினார். ரேடியோவுக்குப் பக்கத்தில். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நாளைக்குப் பாட்டு இல்லை. மாடு போய்விட்டது, இனி யாருக்காகப் போடுவார்? அந்த மாட்டுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பாட்டுக்காக வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். பிடித்துக்கொண்டிருந்த ஒன்றும் கையை விட்டுப் போயிற்று, இனிமேல் விடியவே வேண்டாம் என்று அழுதேன்.

விடிந்தது. பாட்டுக் கேட்டது.

வழக்கமான நேரம், வழக்கமான முதல் பாட்டு. கனவு என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டும் வந்தது. எழுந்தேன். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு பின்கட்டுக் கதவைத் திறந்து வெளியே போனேன். கட்டுத்தரையில் அப்பா கறவை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மாடு இல்லை. வாளி இல்லை. கைகள் இரண்டும் முழங்காலில்.

எனக்குக் கோபம்தான் வந்தது. “மாடே இல்ல, யாருக்குங்கப்பா பாட்டு?”

அப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். “அது… பழகிப்போச்சு கண்ணு” என்றார். பொய் சொல்ல வராத முகம். இத்தனை நாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அது தப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது.

புல்லாங்குழல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும் இடம் வந்ததும் அப்பா எழுந்து, பெட்டியைப் பார்க்காமலே சரியாக அந்தப் பொத்தானில் விரலை வைத்தார். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார்டுக்கு ஒரு கேடும் இல்லை. பாட்டே ஆகாத மனிதர், ஒவ்வொரு நாளும் என் பாட்டு வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, பால் வாளியைக்கூடக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்து அந்தத் தாலாட்டை என் காதில் விழாமல் தள்ளிவிட்டிருக்கிறார்.

“கைய எடுங்கப்பா” என்றேன்.

“இது வேண்டாங் கண்ணு.”

“எடுங்க. அவளுக்குன்னு யாருமே ஒண்ணும் பாடலீங்கப்பா. ஒருக்கா முழுசாக் கேக்கோணும்.”

அப்பா கையை எடுத்தார். தாலாட்டு வந்தது. மாடு நின்ற இடத்தில், காய்ந்த சாணித் தரையில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் வராத சத்தம் அப்போது வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அழாதே என்று அவளும் சொல்லவில்லை. பாட்டு முடியும் வரை என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

முடிந்ததும் அப்பா தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மூக்கு உன்னையாட்டவே இருந்துச்சு கண்ணு.”

அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அப்பாதான் அவளைக் கையில் வைத்திருந்தவர் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. என் மகளுக்கு மூக்கு இருந்ததென்று அன்றுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நகர்ந்துபோய் அவர் காலருகில் உட்கார்ந்தேன்.

“இன்னும் சொல்லுங்கப்பா” என்றேன்.